கிராண்ட் கேன்யனின் அடியில், ஆற்று மட்டத்திலிருந்து நிலக்காட்சிப் படங்கள்: வெளிச்சத்தை எப்படிக் கையாள்வது?

கேள்வி: நிலவரை

வணக்கம். அக்டோபர் பிற்பகுதியில், கொலராடோ ஆற்றில் லீஸ் ஃபெர்ரியிலிருந்து டயமண்ட் க்ரீக் வரை துடுப்புப் படகில் போகும் தனியார் குழு ஒன்றில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. எங்கள் குழுத்தலைவருக்குக் குலுக்கலில் அனுமதி விழுந்தது. ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் யாரும் இந்த ஆற்றுப் பயணத்தில் சேர முடியாது என்பது கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவின் விதி. ஆகவே கிடைத்த வாய்ப்பை நல்ல தயாரிப்போடு பயன்படுத்த விரும்புகிறேன்.

தெற்கு விளிம்பில் நின்று படம் எடுத்த பழக்கம் எனக்கு உண்டு. அங்கே எல்லாம் தொலைவில் இருக்கும். அடுக்கடுக்காக விரியும் முகடுகளின் மேல் சாய்வெயில் விழும்போது படம் ஓரளவு தானாகவே அமைந்துவிடும். ஆற்றுக்குள்ளிருந்து பிறர் எடுத்த படங்களைப் பார்க்கும்போதோ இரண்டு குறைகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. வானம் வெளுத்துப் போகிறது, அல்லது பாறைச் சுவர் கறுத்துப் போகிறது என்பது ஒன்று. ஏறக்குறைய 1.6 கிலோமீட்டர் ஆழமுள்ள பள்ளத்தாக்கு, படத்தில் எங்கேயும் இருக்கக்கூடிய ஒரு செங்குத்துப் பாறையாகச் சுருங்கிவிடுகிறது என்பது மற்றொன்று.

இந்த இரண்டையும் எப்படிச் சமாளிப்பது? நாளின் எந்த வேளையில் கேமராவை எடுக்க வேண்டும்? அகன்ற காட்சியைப் பிடிக்கும் வைட் ஆங்கிள் லென்ஸையே நம்பிப் போகலாமா? எடை அதிகமான ட்ரைபாடை (முக்காலியை) சுமந்து போவதில் பயன் இருக்கிறதா? ஆற்றில் போய்வந்தவர்கள் விரிவாகவே எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: பாறைநிழல்

விளிம்பில் பழகிய நேரக் கணக்கை விளிம்பிலேயே விட்டுவிட்டு இறங்குங்கள் என்பதுதான் நான் முதலில் சொல்ல விரும்புவது. மேலே சூரியன் உதிக்கும் வேளையும் சாயும் வேளையும் பொன்னானவை. கீழே அந்த இரண்டு வேளைகளிலும் ஆறு முழு நிழலில் கிடக்கும். ஆற்று மட்டத்தில் நல்ல வெளிச்சம் பெரும்பாலும் முற்பகல் நடுவிலும் பிற்பகல் நடுவிலும் வருகிறது. அப்போது ஒரு பக்கச் சுவரின் மேல்பகுதியில் நேர்வெயில் விழுகிறது. அந்த வெயில் பாறையில் பட்டுத் தெறித்து, எதிரே நிழலில் நிற்கும் சுவருக்குள் பரவுகிறது. வெயில் விழும் சுவரை எல்லாரும் எடுப்பார்கள். நீங்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு, நிழலில் இருக்கும் சுவரையும் அதன் அடியில் ஓடும் தண்ணீரையும் பாருங்கள்.

வெட்டவெளி நிழலுக்கு வெளிச்சம் தருவது நீல வானம் மட்டுமே; அதனால் அந்த நிழல் குளிர்ந்த நீலமாகப் பதியும். இந்தப் பள்ளத்தாக்கின் நிழலிலோ, சிவந்த சுவரிலிருந்து திரும்பி வரும் வெளிச்சமும் வானத்திலிருந்து இறங்கும் நீலமும் ஒரே பாறையில் கலக்கின்றன. எதிர்ச்சுவரைப் பார்த்திருக்கும் முகப்புகள் செம்மஞ்சளாகக் கனிந்திருக்கும். வானத்தைப் பார்த்திருக்கும் மேற்பரப்புகள் நீலம் பூத்திருக்கும். கேமராவின் தானியங்கி ஒயிட் பேலன்ஸ் (ஒளியின் நிறத்தைச் சமன்செய்யும் அமைப்பு) இந்த வேறுபாட்டைக் குறையென்று கருதித் துடைத்துவிடப் பார்க்கும். ஆகவே அதைப் பகல் வெளிச்சத்துக்குரிய 5200 முதல் 5500 கெல்வின் அளவில் நிலைநிறுத்தி, கேமரா எதையும் மாற்றாத மூலத் தரவான ரா கோப்பாகவே எடுங்கள்.

ரெட்வால் என்று அழைக்கப்படும் சுண்ணாம்புக்கல் அடுக்கை அருகில் போய்ப் பாருங்கள். அந்தக் கல்லின் சொந்த நிறம் சாம்பல். அதற்கு மேலே இருக்கும் சுபாய், ஹெர்மிட் அடுக்குகளிலிருந்து மழைநீர் இரும்பு ஆக்சைடைக் கரைத்துக் கொண்டுவந்து சுவர் முழுவதும் சிவப்பைப் பூசியிருக்கிறது. அண்மையில் பாளம் பெயர்ந்து விழுந்த இடத்தில் சாம்பல் நிறம் பளிச்சென்று தெரியும்; அதைச் சுற்றிலும் செந்நிறக் கறை கோடு கோடாக வழிந்திருக்கும். ஆற்றின் மேல் பகுதியில் நீங்கள் காணப்போகும் சிவந்த ஒளியில் பெரும்பங்கு இந்த மெல்லிய பூச்சில் பட்டுத் திரும்புவதுதான்.

திசையையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். லீஸ் ஃபெர்ரியை 0 எனக் கொண்டுதான் ஆற்றில் மைல் எண்ணுவார்கள். அங்கிருந்து லிட்டில் கொலராடோ வந்து சேரும் இடம் வரை, ஏறக்குறைய 61 மைல் தூரம், ஆறு பொதுவாகத் தென்மேற்காகவும் தெற்காகவும் ஓடுகிறது. மார்பிள் கேன்யன் எனப்படும் இந்தப் பகுதியில் காலை வெயில் வலக்கரைச் சுவரிலும் (ஆறு ஓடும் திசையைப் பார்த்து நின்றால் வலப்பக்கம்) பிற்பகல் வெயில் இடக்கரைச் சுவரிலும் விழும். தெறிப்பொளிக்கு இதைவிட ஏற்ற அமைப்பு இல்லை. அதற்குப் பின் ஆறு மேற்கே திரும்புகிறது. அக்டோபர் இறுதியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடுவதால், இடக்கரைச் சுவரின் நிழல் ஆற்றின் மேல் நெடுநேரம் படிந்திருக்கும். வடகரையின் உயரமான முகப்புகளுக்கு மட்டும் வெயில் கிடைத்துக்கொண்டிருக்கும். அங்கே சுவரும் மாறிவிடும். ஏறக்குறைய 170 கோடி ஆண்டு பழமையான விஷ்ணு சிஸ்ட் என்ற கரும்பாறையும், அதன் ஊடே நரம்புபோல் ஓடும் இளஞ்சிவப்புக் கிரானைட்டும் ஆற்றை நெருக்கி நிற்கும். கரும்பாறை ஒளியைத் திருப்பித் தராது. ஆற்றால் மெருகேறிய அதன் பரப்பு வானத்தின் நீலத்தை வாங்கி மினுங்கும். அந்த மினுக்கத்தை நம்பித்தான் அங்கே படம் அமைக்க வேண்டும்.

பக்கக் கேன்யன்களுக்கு (கிளைப் பள்ளத்தாக்குகளுக்கு) நேரம் ஒதுக்கச் சொல்லிக் குழுத்தலைவரிடம் இப்போதே பேசிவிடுங்கள். 20-ஆம் மைலில் நார்த் கேன்யன் இருக்கிறது. உள்ளே நடந்து போனால், வளைந்து வளைந்து உரிந்த பாறைத் தகடுகளுக்கு நடுவே சிறு குளம் ஒன்று வரும். நேர்வெயில் குளத்தில் விழாமல் மேலே எங்கேனும் ஒரு சுவரில் விழும் வேளையில், அந்தத் தகடுகள் உள்ளிருந்தே ஒளிர்வதுபோல் தெரியும். 120-ஆம் மைலில் பிளாக்டெய்ல் கேன்யன். அங்கே டப்பீட்ஸ் மணற்கல் நேராகப் பழைய சிஸ்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நூறு கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி. அந்தக் கோட்டின் மேல் உள்ளங்கையை வைக்கலாம். படத்துக்கு மென்மையான நிழலொளி போதும், வெயிலே வேண்டாம். 148-ஆம் மைலில் இருக்கும் மட்கட்டமிபாவில் சுண்ணாம்புக்கல் வளைவுகள் இடுப்பளவுக்கு நெருங்கி வரும். இந்த மூன்று இடங்களிலும் லென்ஸின் திறப்பை எஃப் 11 என்றும், ஒளியுணர்வு அளவை ஐஎஸ்ஓ 100 என்றும் வைத்தால் ஷட்டர் சில விநாடிகள் திறந்திருக்கும். ஆகவே ட்ரைபாட் அவசியம் வேண்டும்.

லென்ஸைப் பொறுத்தவரை என் கருத்து சற்று மாறுபட்டது. வைட் ஆங்கிள், அருகில் இருக்கும் கூழாங்கல்லைப் பெரிதாக்கிப் பின்னால் நிற்கும் சுவரைத் தள்ளிச் சிறிதாக்கிவிடும்; நீங்கள் சொன்ன இரண்டாவது குறை பெரும்பாலும் அதனால்தான் வருகிறது. தொலைவில் இருப்பதை நெருக்கிக் காட்டும் 70-200 மி.மீ. டெலி லென்ஸ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றன்பின் ஒன்றாக மடங்கி நிற்கும் சுவர்களை அது நெருக்கிக் காட்டும். வானத்தைப் படத்துக்குள் விடாமல் அமைத்தால் உங்கள் முதல் குறையும் பெருமளவு தீர்ந்துவிடும்.

மறுமொழி: துடுப்படி

வெளிச்சத்தைப் பற்றி மேலே எழுதியவர் சொன்னதை வழிமொழிகிறேன். நான் படகு வலிப்பவன் என்பதால், கருவிகள் பிழைத்திருக்க வேண்டிய வழிகளை மட்டும் சொல்கிறேன்.

இந்த ஆற்றில் தினமும் நீர்மட்டம் ஏறி இறங்கும். மேலே க்ளென் கேன்யன் அணையில் மின்தேவைக்கு ஏற்பத் தண்ணீரைக் கூட்டியும் குறைத்தும் விடுகிறார்கள். அந்த ஏற்றம் கீழே வந்து சேர இடத்துக்கு இடம் நேரம் மாறுவதால், சில முகாம்களில் நள்ளிரவில்தான் தண்ணீர் உயரும். மாலையில் கரையோரம் பார்த்துவைத்த ஈரப்பாறை காலையில் தண்ணீருக்கு அடியில் இருக்கலாம்; இரவில் மணலில் நட்டுவைத்த ட்ரைபாட் காணாமலும் போகலாம். படத்தின் முன்பகுதியில் வைக்க நல்ல பாறை கிடைத்தால் அன்று மாலையே எடுத்துவிடுங்கள். மணலில் ஈரக்கோடு எங்கே முடிகிறது என்று பார்த்து, அதற்கு மேலேதான் எதையும் வையுங்கள்.

தண்ணீரைவிட மணல்தான் கேமராவுக்குப் பெரிய எதிரி. பிற்பகலில் ஆற்றுக்கு எதிராகக் காற்று கிளம்பி மாவுபோன்ற நுண்மணலை வாரி இறைக்கும். அந்த நேரத்தில் லென்ஸ் மாற்றவே கூடாது. ட்ரைபாடின் கீழ்ப்பகுதிக் கால்களை முதலில் நீட்டி நிறுத்தினால் பூட்டுகள் மணலுக்கு மேலே நிற்கும்; அவற்றுக்குள் மணல் எளிதில் ஏறாது. கேமராவுக்கு, ரப்பர் விளிம்பு கெடாத அம்மோ கேன் (தோட்டா வைக்கும் இரும்புப் பெட்டி) ஒன்றின் உள்ளே நுரைப்பஞ்சு வைத்துப் படகில் கைக்கெட்டும் இடத்தில் கட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் புகாத ட்ரை பேக் மட்டும் போதாது. அதைத் திறந்து மூடுவதற்குள் காட்சி போய்விடும்.

ஓடும் படகில் ட்ரைபாடுக்கு வேலை இல்லை. ஷட்டர் வேகத்தை 1/1000-க்குக் குறையாமல் வைத்து, ஐஎஸ்ஓ ஏறினால் ஏறட்டும் என்று விட்டுவிடுங்கள். சூரிய மின்தகட்டை நம்பிப் பேட்டரிகளைக் குறைக்க வேண்டாம். நீங்கள் போகும் பருவத்தில் பல முகாம்களுக்கு நேர்வெயில் மிகக் குறைந்த நேரமே கிடைக்கும். குளிரும் பேட்டரியைத் தின்னும் என்பதால், இரவில் அவற்றைத் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி: கண்ணாடித்தகடு

தெறிப்பொளியைப் பற்றிப் பாறைநிழல் எழுதியது அத்தனையும் சரி. ஆனால் வானத்தை முற்றிலும் ஒதுக்கிவிடுங்கள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வானமே இல்லாத படங்களை வரிசையாகப் பார்ப்பவர், அழகான பாறைகளைப் பார்த்தோம் என்று நினைப்பாரே தவிர, ஒரு பிளவின் அடியில் நின்றோம் என்று உணரமாட்டார். இரண்டு சுவர்களுக்கும் நடுவே வளைந்து போகும் வானத் துண்டுக்கும் கீழே வளையும் ஆற்றுக்கும் ஏறக்குறைய ஒரே வடிவம். இரண்டையும் ஒரே நெடும்படத்தில் கொண்டுவரும்போதுதான் உள்ளே அடைபட்டு நிற்கும் உணர்வு பிறக்கிறது. அதற்கான வேளையும் உண்டு. கடைசி வெயில் உச்சிச் சுவரையும் விட்டு நீங்கிய பிறகு, வானத்தின் வெளிச்சமும் பாறையின் வெளிச்சமும் மெல்ல நெருங்கி வரும். அப்போது கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, கீழிருந்து மேலாக மூன்று நான்கு படங்கள் எடுத்து இணைத்தால், வானமும் வெளுக்காது, சுவரும் கறுக்காது.

ஆழத்தைக் காட்டுவது பற்றி நீங்கள் கேட்டதற்குப் பழைய ஒளிப்படக்காரர்களிடம் நல்ல விடை இருக்கிறது. 1871-இல் வீலர் தலைமையில் இந்த ஆற்றில் எதிரேறி வந்த அளவைக் குழுவில் டிமதி ஓ'சல்லிவன் என்ற ஒளிப்படக்காரர் இருந்தார். கிராண்ட் கேன்யனுக்குக் கீழே பிளாக் கேன்யனில் அவர் எடுத்த படம் ஒன்றில், அசையாத தண்ணீரில் ஒரு படகும் அதில் அமர்ந்திருக்கும் ஓர் ஆளும் சிறியதாகத் தெரிவார்கள், மற்றதெல்லாம் சுவர். ஈரக் கொலோடியன் தகட்டை அந்த இடத்திலேயே பூசி, உலர்வதற்குள் எடுத்து, உடனே கழுவியாக வேண்டிய காலம் அது. அந்த உழைப்புக்கு நடுவிலும், மனித உரு எங்கே நிற்க வேண்டும் என்பதில் அவர் காட்டிய கவனத்தை நாம் கற்றுக்கொள்ளலாம். உங்கள் குழுவில் மற்றப் படகுகளும் இருக்கும். ஒரு படகை முன்னே போகவிட்டு, அது சுவரின் அடியை நெருங்கும்போது 70-200-ஆல் எடுங்கள். அந்தப் படகு, படச் சட்டத்தின் கீழ்விளிம்பை ஒட்டிச் சிறிதாக இருக்கட்டும்; நடுவில் கொண்டுவந்தால் அது படகின் படமாகிவிடும். 33-ஆம் மைலில் ரெட்வால் கேவர்ன் என்ற பெருங்குகை வரும். அதன் உள்ளே ஆழத்தில் நின்று ஆற்றை நோக்கி எடுத்தால், மணலில் நடப்பவர்கள் அதன் அளவைச் சொல்லிவிடுவார்கள்.

இன்னொரு பணியையும் பரிந்துரைக்கிறேன். எனக்கு மிகவும் நெருக்கமான விஷயம் இது. 1889-90-இல் இந்த ஆற்றோரமாகவே ரயில் பாதை போட முடியுமா என்று அளக்க ஒரு குழு வந்தது. முதல் பயணத்தில் அந்த ரயில் நிறுவனத்தின் தலைவர் ஃபிராங்க் பிரவுன் உட்பட மூவர் மூழ்கி இறந்தார்கள். மறுபடி கிளம்பிய பயணத்தில், 1890 புத்தாண்டு நாளன்று ஒளிப்படக்காரர் பாறையிலிருந்து விழுந்து கால் முறிந்ததால், தலைமைப் பொறியாளர் ராபர்ட் ப்ரூஸ்டர் ஸ்டான்டன் தாமே கேமராவை ஏற்றுக்கொண்டார். பாதைக்கு ஆதாரமாக அவர் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களை, ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் வெப்பும் அவருடைய குழுவினரும் அதே இடங்களில் நின்று மீண்டும் எடுத்தார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஆறு என்ன ஆயிற்று என்பது தெரியும். 1963-இல் க்ளென் கேன்யன் அணை மூடப்பட்ட பிறகு வண்டல் அணைக்குப் பின்னாலேயே தங்கிவிடுவதால், கரை மணல் திட்டுகள் பல சுருங்கியிருக்கின்றன. முன்பு ஆண்டுதோறும் வெள்ளம் துடைத்துச் சென்ற கரைகளில் டமரிஸ்க் புதர் அடர்ந்திருக்கிறது. அதே வேளையில், வெள்ளம் எட்டாத உயரத்தில், 1890-இல் நின்ற அதே செடிகள் சில ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் அங்கேயே நிற்பதைக் காணலாம். அந்தப் படங்களில் ஒன்றிரண்டை அச்செடுத்துக் கொண்டுபோய், கிடைத்த இடத்தில் ஒப்பிட்டு எடுத்து வாருங்கள். அழகுக்காக மட்டும் எடுக்கும் படங்களுக்கு இல்லாத மதிப்பு அவற்றுக்கு உண்டு.

மறுமொழி: பாறைநிழல்

அந்தி வேளை நெடும்படத்தைப் பற்றிக் கண்ணாடித்தகடு சொன்னதை முழு மனத்தோடு ஏற்கிறேன். வானத்தை ஒதுக்கச் சொன்னது பகல் படங்களுக்குத்தான் பொருந்தும். ஆனால் பகலில் வானத்தையும் சுவரையும் வெவ்வேறு எக்ஸ்போஷரில் (ஒளி அளவில்) எடுத்து ஒட்டவைப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். நிழலைச் செயற்கையாகத் தூக்கினால், தெறிப்பொளி உண்டாக்கிய செம்மையும் நீலமும் முதலில் கெடும்.

பளபளப்பையும் பிரதிபலிப்பையும் குறைக்கும் போலரைசர் வடிகட்டி பற்றி எழுத விட்டுப்போயிற்று. வெயில் படும் சுவர் தண்ணீரில் பிரதிபலிக்கும்போது அதைக் கழற்றிவிடுங்கள். மாட்டியிருந்தால் ஆற்றின் மேல் மிதக்கும் பொன்னிறத்தை அது அழித்துவிடும். கேமராவைத் தண்ணீருக்கு ஒரு முழ உயரத்துக்கு இறக்கினால் அந்தப் பொன்னிறம் இன்னும் அகலமாக விரியும்.

நிலவரை

மிக்க நன்றி. 70-200-ஐயும் ட்ரைபாடையும் எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன். ஸ்டான்டன் படங்களையும் தேடி எடுக்கிறேன். இன்னும் இரண்டு கேள்விகள். லிட்டில் கொலராடோ சந்திக்கும் இடத்தில் நீர் பால்நீலமாக இருக்கும் என்கிறார்கள். அதை எப்போது எடுப்பது? நான்கோவீப் தானியக் களஞ்சியங்களிலிருந்து ஆற்றைப் பார்க்கும் புகழ்பெற்ற காட்சிக்கு உகந்த வேளை எது? சிறிய ட்ரோன் ஒன்றும் என்னிடம் இருக்கிறது.

மறுமொழி: மேட்டுவெளி

ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 2014 முதல் அதற்குத் தடை இருக்கிறது. ஆற்றுப் பாதையும் அதற்கு விலக்கல்ல.

லிட்டில் கொலராடோவைப் பொறுத்தவரை, இதுவரை சொல்லப்பட்ட நிழல் விதிக்கு அது விலக்கு. சந்திப்புக்கு மேலே சுமார் 13 மைலில் இருக்கும் ப்ளூ ஸ்பிரிங் ஊற்றிலிருந்து வரும் தண்ணீரில் கால்சியம் கார்பனேட் நிறைந்திருக்கிறது. அதனால்தான் அந்த நிறம். நிழலில் அது மங்கிவிடும். சூரியன் உயர்ந்து தண்ணீருக்குள் இறங்கும் நடுப்பகலில்தான் நிறம் முழுமையாக வெளிப்படும். போலரைசர் உண்மையில் உதவும் இடமும் இதுதான். அடியில் படிந்திருக்கும் வெள்ளைப் படிவினால் ஒளிமானி ஏமாந்து படத்தை இருட்டாக்கும் என்பதால், ஹிஸ்டோகிராமை (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடத்தை) பார்த்து எக்ஸ்போஷரைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். பிரதான ஆறு பச்சையாக வந்தால் இரண்டு நிறங்களும் கலக்கும் கோடு தெளிவாகத் தெரியும். மேலே எங்கேனும் பெருமழை பெய்திருந்தால் லிட்டில் கொலராடோ செங்காவியாக ஓடும். அதற்கு யாரும் எதுவும் செய்ய முடியாது. அந்த நிறத்திலும் நல்ல படம் உண்டு.

அந்த இடத்தைப் பற்றி ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். மேலே அந்தக் கிளையாற்றின் கரையில் இருக்கும் சிப்பாபு என்ற ஊற்றுமேட்டை, தங்கள் முன்னோர் இவ்வுலகுக்குள் வந்த வாயிலாக ஹோப்பி மக்கள் போற்றுகிறார்கள். அந்தப் பகுதி பார்வையாளருக்கு மூடப்பட்டிருக்கிறது. டெலி லென்ஸால் எட்டிப் பிடிக்கவும் முயல வேண்டாம். 136-ஆம் மைலில் டீர் க்ரீக்கின் குறுகலான பிளவும் இத்தகையதே. தெற்குப் பையூட் மக்களுக்குப் புனிதமான அந்தப் பிளவுக்குள் கயிறு கட்டி இறங்குவதற்குத் தடை இருக்கிறது. மேலே விளிம்பில் நடந்தபடி எடுக்கும் படங்களே போதுமானவை. பாறையில் பதிந்த கைத்தடங்களை எங்கே கண்டாலும், படத்தை வெளியிடும்போது இருப்பிடக் குறிப்பை நீக்கிவிடுங்கள்.

நான்கோவீப் 53-ஆம் மைலில், வலக்கரையில் இருக்கிறது. 1100-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் பியூப்லோ மக்களின் முன்னோர் கட்டிய அந்தச் சிறு அறைகள் கிழக்கு நோக்கியவை. ஆகவே கல் அடுக்கும் அதன் மண்பூச்சும் தெளிவாக வேண்டுமானால் காலை வெயிலில் ஏறுங்கள். ஆற்றின் நீண்ட காட்சிதான் முதன்மை என்றால் பிற்பகல் நடுவில் போங்கள். நீங்கள் நிற்கும் சரிவு நிழலில் இருக்கும், எதிரே இடக்கரைச் சுவர் முழுவதும் ஒளிரும், அந்த ஒளி களஞ்சியங்களின் முகப்புக்கும் தெறித்து வரும். என் விருப்பம் பிற்பகல்தான். அறைகளின் மேல் சாயவோ, பையை வைக்கவோ, வாயில்களுக்குள் கையை நீட்டவோ கூடாது. பாதை குறுகலாக இருப்பதால் ட்ரைபாடின் கால்கள் சுவரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வேளைகளும் வேண்டுமென்றால், முதல் நாள் மதியத்துக்குள் அங்கே போய்ச் சேர்ந்து இரவு அடியில் உள்ள முகாமில் தங்குவதுபோல் குழுத்தலைவரிடம் திட்டமிடச் சொல்லுங்கள். ஆறு அங்கே தெற்கு நோக்கி நீண்டு ஓடுவதால், நிலவில்லாத இரவாக இருந்தால், இருட்டிய உடனே ஆற்றுக்கு மேலே தென்மேற்கில் பால்வெளியின் அடர்ந்த பகுதி சாய்ந்து இறங்குவதையும் கரையிலிருந்தே எடுக்கலாம். ஆனால் அக்டோபர் இறுதியில் அது விரைவில் சுவருக்குப் பின் மறைந்துவிடும். இரவு உணவுக்கு முன்பே ட்ரைபாடை நிறுத்தி ஃபோகஸைச் சரிபார்த்து வைத்துவிடுங்கள்.